கற்பூரத்தின் மேல் வைத்த கை

ஆலங்கரைக் குப்பம்,
மகாபலிபுரம் தபால்.
8-7-1977

தம்பி குப்பனுக்கு அக்காள் ஆதியம்மாள் எழுதிக்கொண்டது.

மேல்விலாசத்தில் சிவப்பிரகாசம் என்றுதான் எழுதியிருக்கிறேன். இல்லாவிட்டால் தபால்காரர் உன் சபையில் கொண்டுபோய்ச் சேர்க்கமாட்டார். உள்ளே நீ குப்பன்தான். உனக்கு முன்னால் மூன்று பிள்ளை செத்து, நீயாவது தங்கட்டும் என்று குப்பையில் புரட்டி எடுத்து அம்மா வைத்த பேர் அது. புரட்டியது நான். அப்போது எனக்குப் பத்து வயசு. நீ கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது.

நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய உன் பத்திரிகை நேற்று வந்தது. ஆறு வருஷமாக ஒரு வரி இல்லை. கூரை காற்றில் போனபோது இல்லை. சித்தி செல்லம்மாவின் பதினாறாம் நாளுக்குக் கூப்பிட்டதற்கு, மீன் சமைக்கிற வீட்டில் கை நனைக்கமாட்டேன் என்று ஆள் விட்டாய். அந்த மீனைத் தலையில் சுமந்து விற்றுத்தான் உனக்குச் சிலேட்டும் பலப்பமும் வாங்கினேன். நீ மறந்திருப்பாய். எனக்கு மறதி கிடையாது, உனக்கே தெரியும்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்தில் மூணாம் வகுப்போடு நின்றவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். அதனால் ஒரு எழுத்தும் என்னிடம் தப்பாது. மதுராந்தகத்தில் ஏரிக்கரைப் பக்கம் அடியார் இல்லம் திறப்பு. ஆவணி பத்தொன்பது, ஞாயிற்றுக்கிழமை. நாற்பது ஏழைப் பிள்ளைகள். தங்க இடம், சாப்பாடு, பதிகம், படிப்பு. கீழே காரியதரிசி என்று உன் பேர். அதற்கு மேலே ஒரு வரி: இல்லத் தலைமை ஆசிரியர், வேதகிரி ஓதுவார்.

அந்தப் பேரை நாலு தரம் கூட்டிப் பார்த்தேன்.

வேறு வேதகிரியாக இருக்கலாம். திருக்கழுக்குன்றம் பக்கம் தெருவுக்கு நாலு வேதகிரி உண்டு. அதனால்தான் கேட்கிறேன். அவனா, வேறு ஆளா? ஒரு வரி எழுது. வேறொன்றும் எழுத வேண்டாம்.

ஆதியம்மாள்

*

சிவமயம்
மலைக்கொழுந்தர் திருமுறைச் சபை,
செங்கல்பட்டு.
19-7-1977

பெருமதிப்பிற்குரிய அக்காள் அவர்களுக்கு, சிவப்பிரகாசம் வணக்கத்துடன் எழுதுவது. திருவருளால் இங்கு யாவரும் நலம். தங்கள் நலத்தையும், தங்கள் மகன் காத்தவராயன், பேரன் சிரஞ்சீவி கன்னியப்பன் ஆகியோர் நலத்தையும் அறிய ஆவல்.

தங்கள் கடிதம் கிடைத்தது. பல ஆண்டுகளுக்குப் பின் தங்கள் கையெழுத்தைக் கண்டு மனம் நெகிழ்ந்தேன்.

தாங்கள் குறிப்பிட்டவரும் பத்திரிகையில் உள்ளவரும் ஒருவரே. ஆனால் அன்றைய ஓதுவார் இன்றில்லை என்றே சொல்ல வேண்டும். அவரிடம் ஏற்பட்ட குறையைச் சபைத் தலைவரான பெரியவர் சுவாமிகள் அன்றே கண்டித்து, நாற்பத்தெட்டு நாள் மௌனமும், மலையை நூற்றெட்டு முறை வலம் வருவதும் விதித்தார்கள். வெயிலில் வெறுங்காலுடன் அவர் சுற்றியதைக் கண்ணால் கண்டவன் நான். பிறகு வந்தவாசிப் பக்கத்துக் கிளையில் ஆறு ஆண்டுகள் தொண்டு செய்தார். எழுத்துமூலமாக ஒரு புகாரும் வரவில்லை. பதிகங்களைப் பண்ணோடு பாட இந்த ஜில்லாவில் அவருக்கு ஈடாக ஆள் இல்லை என்பதைத் தாங்களே கேட்டு அறிவீர்கள். தவறியவர் திருந்தினால் ஆண்டவனே ஏற்கும்போது நாம் யார்?

மேலும் ஒன்று. நினைவுபடுத்த மனமில்லை, ஆயினும் தங்கள் நன்மைக்காகச் சொல்கிறேன். கங்கையம்மன் சந்நிதியில் கற்பூரம் அணைத்தது தங்கள் கை. காத்தவராயன் தினமும் கடலுக்குப் போகிறவன். பழைய பேச்சைக் கிளறுவது யாருக்கும் நல்லதல்ல.

திறப்பு விழாவுக்கு அவசியம் வரவும். முன்வரிசையில் இடம் போடச் சொல்கிறேன்.

இப்படிக்கு,
அ. சிவப்பிரகாசம்,
காரியதரிசி.

*

ஆலங்கரைக் குப்பம்
27-7-1977

தம்பி குப்பனுக்கு,

தாங்கள் என்று எழுதியிருக்கிறாய். உன் வாயில் எனக்கு அந்த மரியாதை இதற்கு முன் ஒரே ஒரு தரம்தான் கிடைத்தது, கற்பூரத் தட்டுக்கு முன்னால். அதனால் நீ மரியாதை கொடுத்தாலே, அடுத்து என்ன கேட்கப்போகிறாய் என்று பார்க்கிறேன்.

நினைவுபடுத்த மனமில்லை என்கிறாய். எனக்கு யாரும் நினைவுபடுத்த வேண்டாம். அன்றைக்குப் பங்குனி உத்திரம் கழிந்த வெள்ளிக்கிழமை. காத்தவராயன் கட்டுமரம் தள்ளிக்கொண்டு விடிகாலையிலேயே போயிருந்தான். அவன் கரையில் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் வந்தீர்கள். உங்கள் பெரியவர் காரை விட்டு இறங்கவில்லை, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு மூக்கில் துண்டை வைத்திருந்தார். நீ செருப்பைக் கழற்றிக் கையிலேயே பிடித்திருந்தாய். பஞ்சாயத்துக்குப் பெரிய ஆள் முனிசாமி தட்டை நீட்டினான். கங்கையம்மனுக்கு முன்மண்டபம் கட்டித் தருவதாக உங்கள் பெரியவர் வாக்குக் கொடுத்தது அவனுக்கு. மண்டபம் வந்துவிட்டது. நிழல் நன்றாகத்தான் இருக்கிறது. நான் அதற்குள் கால் வைத்ததில்லை.

“இந்தப் பேச்சு என் வாயிலிருந்து வெளியே போகாது. பெற்ற பிள்ளைக்கும் சொல்லமாட்டேன். சொன்னால், கடலில் இருப்பது கரைக்குத் திரும்ப வேண்டாம்.” இதைச் சொல்லி எரிகிற கற்பூரத்தின் மேல் கையை வைத்தேன்.

அந்தக் கடைசி வரி யார் சொல்லிக் கொடுத்தது? உங்கள் பெரியவருக்குக் கடலைப் பற்றி என்ன தெரியும்? கரையில் இருக்கிற பொம்பளையின் வாயும் மனசும் சுத்தமாக இருந்தால்தான் கடலில் இருக்கிற ஆம்பளை திரும்புவான் என்று இங்கே பால் குடிக்கிற நாளிலிருந்து சொல்லி வளர்ப்பது அவருக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். நம் அப்பன் திரும்பாத அன்றைக்கு ஊரே நம் அம்மாவைப் பார்த்த பார்வையை நீயும் என் இடுப்பில் இருந்து பார்த்தாய். என்னை எந்தக் கயிற்றால் கட்டினால் அவிழாது என்று இங்கே பிறந்தவன்தான் சொல்லியிருக்க முடியும்.

கயிறு உன்னுடையது. கையை வைத்தது நான். அதை இல்லை என்று சொல்லவில்லை.

இன்னும் இருக்கிறது. தைப்பூசத்துக்கு மறுநாள் கன்னியப்பன் உங்கள் பாடசாலையிலிருந்து முதல் தரம் ஓடிவந்தான். ஒன்பது வயசுப் பிள்ளை, செங்கல்பட்டிலிருந்து பஸ் ரோடு பிடித்துத் திருக்கழுக்குன்றம் வழியாக நடந்தே வந்தான். உச்சி வெயிலில் நான் மீன் விற்றுத் திரும்பும்போது வாசலில் உட்கார்ந்திருந்தான். “ஆயா, ஓதுவார் ரூமுக்கு நான் இனிமே போவமாட்டேன். அவுரு கதவச் சாத்திக்கிறாரு” என்றான். நான் என்ன செய்தேன் என்று உனக்குச் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். கன்னத்தில் ஒன்று வைத்தேன். “படிக்கக் கசக்குதா? சும்மாச் சோறு போட்டு, வேட்டி குடுத்து, சாமி பாட்டுச் சொல்லிக் குடுக்கறாங்க, உனுக்கு ஓட்டம் கேக்குதா?” என்றேன். காலில் முள் எடுத்து, எண்ணெய் தடவி, மறுநாள் முதல் பஸ்ஸில் நானே கையைப் பிடித்துக்கொண்டுபோய் விட்டேன். அவன் சொன்னது அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை. விளங்கியிருந்தால் விட்டிருப்பேனா?

பங்குனியில் ஜுரத்தோடு மறுபடி வந்தான். அப்போது ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததில் விளங்கியது.

அதற்குப் பிறகு நீங்கள் செய்ததுதான் எனக்கு ஆறவில்லை. பிள்ளை ஏன் பாடசாலையை விட்டு வந்தான் என்று காத்தவராயன் கேட்பானே என்று ஒரு காரணம் செய்தீர்கள். சாமிக்குச் சந்தனம் வைக்கிற வெள்ளிக் கிண்ணத்தைத் திருடிவிட்டான், துரத்திவிட்டோம் என்று. நானும் அதைத்தான் என் மகனிடம் சொன்னேன். அவன் மரத்துத் துடுப்பால் பிள்ளையை அடித்தான், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குப் பிள்ளைக்குப் பதினாறு வயசு ஆகப்போகிறது. இந்தக் குப்பத்தில் கன்னியப்பன் என்று யாரும் கூப்பிடுவதில்லை. “டேய் கிண்ணம்!” என்கிறார்கள். வலை இழுக்கும்போது, “கிண்ணம் வருது, மீனை எண்ணி வைங்கடா” என்று சிரிக்கிறார்கள். அவனும் சிரிக்கிறான். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடிவதில்லை, வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன்.

எனக்கு முன்வரிசை வேண்டாம். ஒன்று செய். அந்த ஓதுவாரைப் பிள்ளைகள் இருக்கிற இடத்தில் வைக்காதே. நந்தவனத்தில் வை, மடைப்பள்ளியில் வை, மலையை இன்னும் ஆயிரம் சுற்றுச் சுற்ற விடு. அதைச் செய்தால் நான் இப்படியே வாயை மூடிக்கொண்டு செத்துப்போகிறேன். இப்படிப் பேரம் பேசுவது எனக்கே கேவலமாக இருக்கிறது. மீன் விற்கிறவளுக்கு வேறு பேச்சு வரவில்லை என்று வைத்துக்கொள்.

ஆதியம்மாள்

*

செங்கல்பட்டு
9-8-1977

அக்கா,

இதைச் சபைத் தாளில் எழுதவில்லை, வீட்டிலிருந்து எழுதுகிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

நீ கேட்டதைப் பெரியவரிடம் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று கேட்காதே. சுற்றி வளைத்து, ஓதுவாருக்கு வயதாகிறது, நிர்வாகச் சுமை வேண்டாமே என்று ஆரம்பித்தேன். அவர் சிரித்தார். “சிவப்பிரகாசம், விளக்கில் பூச்சி விழுந்தால் பூச்சியை எடுத்துப் போடுவோமா, விளக்கை அணைப்போமா?” என்றார். வீட்டுக்கு வந்த பிறகுதான், ஆறு வருஷமாகப் பூச்சியைத்தானே காப்பாற்றுகிறோம் என்று தோன்றியது. தோன்றி என்ன பயன்? நன்கொடையாளர்கள் எல்லாரும் ஓதுவாரின் பாட்டைக் கேட்டுக் கொடுத்தவர்கள். அவர் இல்லை என்றால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்று கேட்டால் எல்லாம் வெளியே வரும்.

என் நிலைமையை நீ யோசித்ததில்லை அக்கா. இந்தச் சபையில் கடற்கரையிலிருந்து வந்தவன் நான் ஒருத்தன்தான். முப்பது வருஷமாக மீன் தொடவில்லை. இன்னும் நான் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்காருகிறார். பெரியவர் ஒருத்தர்தான் என் கையில் சாவியைக் கொடுத்தார். அவர் முகம் சுளித்தால் மறுநாள் நான் பழையபடி மீன்காரக் கரையான். அந்தப் பயம் உனக்குப் புரியாது.

கன்னியப்பன் விஷயத்தில் ஏதாவது செய்கிறேன். கிண்ணம் கிடைத்துவிட்டது, தவறாகப் பழி விழுந்தது என்று திறப்பு விழாவில் மேடையிலேயே சொல்லச் செய்கிறேன். அவனுக்கு ஒரு மாலையும் போடச் சொல்கிறேன். கிண்ணம் எங்கும் போகவில்லை, என் பீரோவில்தான் இருக்கிறது.

இன்னொன்று. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு தடவை பேனாவை மூடினேன். இவ்வளவு காலம் உன்னிடம் சொல்லாததை யாரிடமாவது சொல்ல வேண்டியிருக்கிறது. ஓதுவார் எங்களிடம் வருவதற்கு முன் வேறொரு ஊரில் இருந்தார். அங்கிருந்து ஓர் அம்மாள், ஒரு பையனின் தாயார், சபைக்குக் கடிதம் போட்டிருந்தாள். 1970 வைகாசியில் அது என் மேஜைக்கு வந்தது. பெரியவரிடம் காட்டினேன். “படிப்பறிவில்லாத ஜனங்கள், ஏதோ கோபம், பதில் வேண்டாம்” என்றார். நான் கோப்பில் வைத்தேன்.

கன்னியப்பனை நீ கொண்டுவந்து விட்டது ஆனி மாதம்.

நம்ப முடியாது என்றுதான் அன்று நினைத்தேன். நம்ப வேண்டாம் என்று நினைத்தேன் என்பதுதான் சரி.

குப்பன்

*

ஆலங்கரைக் குப்பம்
22-8-1977

குப்பா,

உன் கடிதத்தை அடுப்பில் போடவில்லை. மூன்று தரம் படித்தேன். வைகாசிக்குப் பிறகு ஆனி. அதை மூணாம் வகுப்புப் படித்தவளும் சொல்லிவிடுவாள்.

தெரிந்தே வாங்கிக்கொண்டாய். உன் தலையை நான் தாங்கிய மாதிரி என் பேரன் தலையைத் தடவி, “கரைப் பிள்ளை சந்நிதியில் நின்று பாடப்போகிறான் அக்கா, நம்ம அப்பன் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை” என்று அழுதாய். அந்த அழுகையை நம்பி அன்றைக்கு உனக்கு வஞ்சிரம் கொண்டுவந்து, நீ மீன் தொடமாட்டாய் என்று ஞாபகம் வந்து, வாசலிலேயே திருப்பி எடுத்துப்போனேன். நான் யாரையும் சபித்ததில்லை என்று சொல்லமாட்டேன், நிறையப் பேரைச் சபித்திருக்கிறேன். உன்னைச் சபிக்க மட்டும் வாய் வரவில்லை. குப்பையில் புரட்டி எடுத்த பாவம்.

மாலை வேண்டாம். மேடை வேண்டாம். இல்லாத திருட்டுக்கு மன்னிப்பு என் பிள்ளைக்கு எதற்கு?

நான் காத்தவராயனிடம் சொல்லிவிட்டேன்.

சத்தியம் போயிற்று. உன் கடிதம் வந்த மறுநாள் சாயங்காலம் அவன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். நின்றுகொண்டே சொன்னேன், உட்கார்ந்தால் முடிக்கமாட்டேன் என்று. கிண்ணம் பொய், ஓதுவார் நிஜம், கற்பூரம் நிஜம், மாமன் நிஜம், நான் நிஜம். அவன் வலை ஊசியைக் கீழே வைக்கவில்லை. முழுதும் கேட்டான். பிறகு, “துடுப்பால அடிச்சேனே எம்மா” என்றான். “நீ பார்த்துகினு தானே இருந்த?” என்றான்.

எட்டு நாள் என் கையால் சாப்பிடவில்லை. டீக்கடையில் நாஸ்தா பண்ணிவிட்டு அப்படியே கடலுக்குப் போனான். ஒவ்வொரு நாளும் மரம் திரும்புகிற வரைக்கும் மணலில் நின்றேன். சொன்ன வாய்க்கு இன்றைக்கா நாளைக்கா என்று. ஒன்பதாம் நாள் கூடை நிறைய நெத்திலியோடு வந்தவன், நான் நிற்பதைப் பார்த்து எரிந்து விழுந்தான். “இன்னா எம்மா, நான் சாவறனானு தினம் வந்து பார்த்துகினு கீறியா? ஆறு வருசமா அந்தப் புள்ளைய நீ வாய மூடிகினு சாவடிச்சப்போ எடுக்காத உசுர, வாயத் தொறந்ததுக்கா கடலு எடுக்கும்? போ எம்மா, போய் உலை வை.”

உலை வைத்தேன்.

கன்னியப்பனைத் தனியாகக் கேட்டேன். அவனைக் கேட்காமல் எங்கும் சொல்லக் கூடாது என்று அவன் நைனா காத்தவராயன் சொல்லிவிட்டான், எனக்கு அது தோன்றவில்லை. “மதுராந்தகத்துல நாப்பது புள்ளைங்க சேரப்போவுது, அதே ஆளு கீறான். நான் போய்ச் சொல்லட்டா?” என்றேன். அவன் கால் பெருவிரலால் மணலைக் கிளறிக்கொண்டே இருந்தான். “என் பேரச் சொல்லாத ஆயா. ஆனா சொல்லு. நானும் வரேன், தூரமா நிக்கறேன்” என்றான்.

ஆகையால் உன் திறப்பு விழாவுக்கு வருகிறோம். அதற்குள் அந்த ஓதுவாரை எடுத்துவிட்டால் எங்களுக்கு பஸ் செலவு மிச்சம்.

ஆதியம்மாள்

*

செங்கல்பட்டு
29-8-1977

அக்கா,

காலில் விழுந்து கேட்கிறேன், வராதே. ஓதுவாருக்காகக் கேட்கவில்லை. எனக்காகக்கூட இல்லை என்று சொன்னால் பொய்யாகும். முனிசாமிக்கு ஆள் போய்விட்டது. நீ சத்தியம் மீறினால் ஊர்க்கட்டு விழும். நீ எடுக்க மீன் தரமாட்டார்கள், காத்தவராயனோடு மரத்தில் யாரும் ஏறமாட்டார்கள். இதை ஏற்பாடு செய்தது நான் இல்லை. தடுக்கவும் இல்லை.

விழா முடியட்டும். தீபாவளிக்குள் ஓதுவாரை எப்படியாவது வேறு கிளைக்கு மாற்றிவிடுகிறேன். எனக்கு இரண்டு மாதம் கொடு.

குப்பன்

*

ஆலங்கரைக் குப்பம்
8-9-1977

குப்பா,

வேறு கிளைக்கு மாற்றுகிறேன் என்றாய். அங்கே இருப்பது என்ன, தென்னம்பிள்ளையா? அந்த வரியைப் படித்த பிறகுதான் எந்தப் பஸ் என்று விசாரிக்கப் போனேன்.

நீ அங்கே இருந்தாய், எல்லாம் பார்த்தாய். ஆனாலும் எழுதுகிறேன். நீ பார்த்தது கொட்டகைக்கு உள்ளே இருந்து.

திறப்பு விழா அன்று காலையில் எட்டரைக்கெல்லாம் இல்லத்து வாசலில் நின்றேன். உன் தொண்டர் ஒருத்தன், மீசை முளைக்காதவன், “இன்னா ஆயா, சோறா? பின்பக்கமா போ, இலை போட்டதும் கூப்புடறோம்” என்றான். “சோறு வேணாம்டா ராஜா, நான் சாப்புட்டு ஏப்பம் வுட்டுத்தான் வந்தேன்” என்றேன். அதற்குள் தாய்மார் வர ஆரம்பித்துவிட்டார்கள். தகரப் பெட்டியும், தலைக்கு எண்ணெய் வழிய வாரிவிட்ட பிள்ளையுமாக. ஒரு பையன் புது டவுசரைக் கையால் பிடித்துக்கொண்டு வந்தான், இடுப்பில் நிற்கவில்லை. எல்லா முகத்திலும் ஒரே சந்தோஷம். எனக்கு அந்தச் சந்தோஷம் தெரியும். பிள்ளைக்குச் சாமியே சோறு போடுகிறது என்கிற சந்தோஷம்.

“எம்மா, உள்ள போறதுக்கு முந்தி ஒரு வார்த்த கேட்டுகினு போங்க” என்றேன். குரல் எழும்பவில்லை. தெருத்தெருவாக மீன் கூவி விற்ற தொண்டை, அங்கே ஒரு முழத்துக்கு மேல் போகவில்லை. ஒருத்தி மட்டும் நின்றாள், டவுசர்ப் பையனின் அம்மா. செய்யூர்ப் பக்கமாம். “இன்னாம்மா?” என்றாள்.

“உள்ள கீற ஓதுவார்கிட்ட புள்ளைய வுடாத.”

“உனுக்கு எப்டித் தெரியும்?”

“நான் ஒரு புள்ளைய இப்டித்தான் எண்ண தடவிக் கையப் புடிச்சி இட்டாந்து வுட்டேன். அது ஓடியாந்து சொல்லிச்சி. நான் அடிச்சித் திருப்பி இட்டாந்து வுட்டேன். அப்புறம் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சாமி முன்னால சத்தியம் பண்ணேன். என்ன மாரி நீ பண்ணாத.”

அவள் முகம் போன போக்கைப் பார்த்து இன்னும் நாலு பேர் நின்றார்கள். ஒரு பெரிய மனுஷர் விபூதியும் ருத்திராட்சமுமாக வந்து, “யாருய்யா இந்த மீன்காரிய உள்ள வுட்டது? கோயில் காரியத்துல வந்து நாறடிக்கறா” என்றார். “நாத்தம் என்னுது இல்ல சாமி, மூக்க நல்லாத் தொடச்சிகினு உள்ள போய்ப் பாரு” என்றேன். அப்போதுதான் தொண்டை திரும்பி வந்தது. உள்ளேயிருந்து அந்த ஓதுவார் பாட ஆரம்பித்ததும் அப்போதுதான். நாயனம் நின்று, அந்தக் குரல் ஒலிபெருக்கியில் வந்தது. சத்தியமாகச் சொல்கிறேன் குப்பா, குரல் இன்னும் தேன் மாதிரிதான் இருக்கிறது. அதைக் கேட்டுத்தானே நாம் எல்லாரும் போனோம்.

கேட்டதும் தெருவுக்கு அந்தப்பக்கம் அவன் நைனாவோடு நின்ற கன்னியப்பன் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு குந்திவிட்டான். நான் கையைக் காட்டவில்லை. அந்தச் செய்யூர்க்காரி தானாகத் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் பேர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை.

அவள் நேராக உன்னிடம்தான் வந்தாள். நீ பன்னீர்ச் செம்பும் கையுமாக நின்றாய். “ஐயா, நீங்கதானே காரியதரிசி? இந்தம்மா சொல்றது நெசமா, பொய்யா?” என்று கேட்டாள். எல்லாரும் உன்னைப் பார்த்தார்கள். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், நான் பைத்தியக்காரி, பிள்ளைகள் உள்ளே போயிருக்கும். நீ சொல்லவில்லை. நிஜம் என்றும் சொல்லவில்லை. வாய் திறந்தது, மூடியது. அவள் “வாடா” என்று பையன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

பதினேழு பிள்ளைகள் திரும்பின. இருபத்துமூன்று உள்ளே போயின. நான் எண்ணினேன். நீ பேசாமல் நின்றது பதினேழு பிள்ளைக்குப் போதும். மிச்சம் இருபத்துமூன்றுக்கு நீ பேச வேண்டும்.

ஊர்க்கட்டு விழுந்துவிட்டது. என்னோடு யாரும் பேசக் கூடாது என்று முனிசாமி தண்டோரா போட்டான். பாதி ஊரோடு நான் ஏற்கெனவே பேசுவதில்லை, மீதிப் பாதியும் சேர்ந்துகொண்டது. மகாபலிபுரத்தில் வேறு கரைக்காரர்களிடம் மீன் எடுத்துக்கொள்கிறேன். காத்தவராயன் மகனோடு தனி மரத்தில் போகிறான். இரண்டு பேரும் திரும்பி வருகிறார்கள்.

வருகிற திங்கட்கிழமை மதுராந்தகம் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். செய்யூர்க்காரியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிக் கைநாட்டு இல்லாமல் கையெழுத்தே போடுவேன். 1970-ல் அந்தப் பையனின் தாயார் எழுதிய கடிதம் உன் கோப்பில் இருக்கிறது. அதை நீதான் கொண்டுவர வேண்டும். நான் கேட்டால் கொடுக்கமாட்டார்கள், கேட்பதற்குள் எரித்தும்விடுவார்கள்.

நீ தெரிந்தே செய்தாய் என்று போன கடிதத்தில் எழுதினேன். அதற்கு மேல் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. நாலு நாளாக இந்தக் காகிதத்தை மடித்து மடித்துப் பிரிக்கிறேன்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பும்போது கன்னியப்பன் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். காத்தவராயன் முன் சீட்டில். செங்கல்பட்டு தாண்டிய பிறகு, பஸ் சத்தத்தில் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி கேட்டான்.

“ஆயா, மொதல் வாட்டி நான் ஓடியாந்து சொன்னனே. அப்ப உனுக்குப் புரியலையா? புரிஞ்சும் வுட்டியா?”

உனக்கு நான் எழுதியிருக்கிறேன், விளங்கவில்லை என்று. காத்தவராயனுக்கும் அப்படித்தான் சொன்னேன். வாசலில் அந்தத் தாய்மாருக்கும் இதைச் சொல்லாமல் தாண்டினேன். ஆறு வருஷமாக எனக்கு நானே சொல்லிச் சொல்லி, அதுவே நிஜம் மாதிரி ஆகியிருந்தது. பிள்ளை கதவைச் சாத்திக்கிறாரு என்று சொன்னபோது அவன் கண்ணைப் பார்த்தேன் குப்பா. ஊர் ஊராகப் போய் மீன் விற்ற பொம்பளைக்கு அந்தக் கண் விளங்காதா? விளங்கியது. விளங்கினால் பிள்ளையைத் திரும்பக் கொண்டுவர வேண்டும், சந்நிதியில் பாடுவது போய்விடும், கரைக்குக் கிடைத்த பெருமை போய்விடும், தம்பி முகம் சுருங்கிவிடும். அதனால் விளங்காமல் இருக்கத்தான் அவனை அடித்தேன்.

“புரிஞ்சுது” என்றேன்.

அவன் அழவில்லை, கத்தவில்லை. எழுந்துபோய் அவன் நைனா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான். எங்கள் நிறுத்தம் வரைக்கும் என் பக்கத்து இடம் காலியாகவே வந்தது.

திங்கட்கிழமை இதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன். உன்னுடையதை நான் சொல்லமாட்டேன். அதைச் சொல்ல உனக்கு வாய் இருக்கிறது.

பத்து மணிக்கு ஸ்டேஷன் வாசலில் இருப்பேன்.

ஆதியம்மாள்